நான்கு டஜன் கூடுகள்

நடீனின் பெயரை யாரோ ஐஸ் வரிசையில் எழுதியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! அந்தக் குண்டு குண்டு எழுத்து, சபை விருந்துகளைக் கவனிக்கிற ஆர்லீனைத் தவிர வேறு யாருக்கு வரும்?

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அந்தத் தாளைச் சபை வாசலில் ஒட்டிவிடுவார்கள். அதிகாலை ஆராதனை முடிந்ததும் கீழ்த்தள மண்டபத்தில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவது வழக்கம். யார் என்ன கொண்டு வருவது என்று அவரவரே தாளில் எழுத வேண்டும். முட்டை, பன்றித் தொடைக்கறி, உருளைக்கிழங்கு, ரொட்டி, இனிப்பு என்று மேலிருந்து கீழே வரிசைகள். கடைசி வரிசை ‘ஐஸ், காகிதத் தட்டு’. அதில் மட்டும் யாரும் தானாக எழுதுவதில்லை, ஆர்லீனே எழுதிவிடுவாள். சமைக்க ஆளில்லாத வீடுகளுக்கான வரிசை அது. ஒருமுறை அதில் விழுந்தவர் எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. வெண்டல் மனைவியைப் பறிகொடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷமும் மனிதர் இரண்டு பை ஐஸைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறார். ‘பாவம் வெண்டல்’ என்பதுதான் இப்போது அவருடைய முழுப் பெயர்.

நடீன் இருபத்திரண்டு வருஷமாக இனிப்பு வரிசைக்காரி. வெர்லின் ரைனரைக் கட்டிக்கொண்டு கென்டக்கியிலிருந்து இந்த ஒஹாயோ ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் சுட்ட தேங்காய்க் கேக் இல்லாமல் ஒரு ஈஸ்டர் போனதில்லை. போன அக்டோபரில் வெர்லின் அவளை விட்டுவிட்டுப் பாடகர் குழுவில் இருந்த ஷெரியோடு போய்விட்டான். போனவன் ஊரை விட்டா போனான்? இரண்டு தெரு தள்ளிப் போனான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புதுப் பெண்டாட்டியோடு ரைனர் குடும்பப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

இந்த மாதிரிச் சமயத்தில் என்ன செய்வது என்று ஊருக்கு ஒரு முறை உண்டு. புருஷன் பெண்டாட்டி பிரிந்தால் இரண்டு பேரில் ஒருவர் சபைக்கு வருவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். யாருக்குச் சொந்தக்காரர் குறைவோ அவர் நிறுத்த வேண்டும். சபையில் பாதிப் பேர் ரைனர்கள். நடீனுக்கோ பிள்ளையில்லை, பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கென்று இருந்த மனிதர்கள் இந்த மண்டபத்து மனிதர்கள்தான். இந்த வாரம் நின்றுவிடுவாள், அடுத்த வாரம் நின்றுவிடுவாள் என்று எல்லாரும் நாகரிகமாகக் காத்திருந்தார்கள். அவள் நிற்கவில்லை. அதனால்தான் இந்த ஐஸ்.

தாளுக்கு முன்னால் நின்றவளுக்கு முகம் கொதித்தது. நூலில் கட்டித் தொங்கிய பேனாவைப் பிடித்துத் தன் பெயரைக் குறுக்கே அடித்தாள். அடித்த அடியில் தாள் கிழிந்தது. இனிப்பு வரிசையில் ‘நடீன்’ என்று எழுதி, ‘தேங்காய்’ என்று ஆரம்பித்தபோதுதான் கை நின்றது. ஓவன் ஏது?

சமையல் அடுப்பையும் ஓவனையும் சேர்த்து வெர்லின் எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஒரு பிறந்தநாளுக்கு அவளுக்கு அவன் வாங்கிக் கொடுத்ததுதான். ரசீது அவன் பெயரில் இருந்ததாம். அடுப்பு இருந்த இடத்தில் இப்போது சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் தரையில் நான்கு குழியும்தான் மிச்சம். பக்கத்து வீட்டு மார்வா கொடுத்த ஒற்றைக் கரண்டு அடுப்பில் காபியும் சூப்பும் வைத்துக்கொண்டு காலம் ஓடியது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் தாளைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். யோசிக்க நேரமில்லை. ‘தேங்காய்’ என்பதை அடித்துவிட்டு, ‘கூடுகள்’ என்று எழுதினாள். அடுப்பில் கிளறி, ஓவனில் வைக்காமலே ஆற வைத்து, மேலே முட்டை வடிவ மிட்டாய் பதிக்கிற பறவைக் கூடு பிஸ்கட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் செய்வார்கள். எழுதின வேகத்தில் ‘நான்கு டஜன்’ என்றும் சேர்த்துவிட்டாள். கோபத்துக்குக் கணக்குத் தெரியுமா?

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஏப்ரல் மழை, ஊரே ஊறிப் போயிருந்தது. நடீன் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். மேசை முழுக்க மெழுகுத்தாளை விரித்தாள். தேங்காய்த் துருவலில் பச்சைச் சாயம் இரண்டு சொட்டு விட்டுப் பிசைந்து புல்லாக்கினாள். பிறகு முட்டை மிட்டாய்ப் பைகளைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டினாள். சிவப்பு, மஞ்சள், ஊதா, கறுப்பு. விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன. ஏழெட்டு நிமிஷம் கழித்துப் பார்த்தால் கறுப்பு மிட்டாய்களையெல்லாம் பொறுக்கித் தனியாக ஒரு குவியல் சேர்த்திருக்கிறாள்! கறுப்பு அதிமதுர மிட்டாய், வாயில் போட்டால் கஷாயம் மாதிரி இருக்கும். உலகத்திலேயே வெர்லின் ஒருவனுக்குத்தான் அது பிடிக்கும். இருபத்திரண்டு ஈஸ்டருக்கு அவனுக்கென்று பொறுக்கி வைத்த கை.

அந்தக் குவியலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனை நினைத்து இல்லை. தன் கை தன்னைக் கேட்காமல் அவனுக்கு வேலை செய்ததை நினைத்து. குவியலை அப்படியே கிண்ணத்துக்குள் தள்ளிக் கலக்கினாள். யாருக்கு வருகிறதோ வரட்டும், எல்லாரும் கொஞ்சம் கசப்பைத் தின்னட்டும்.

சர்க்கரை, பால், வெண்ணெய், கோகோ பொடி எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கரண்டு அடுப்பில் ஏற்றினாள். அந்த அடுப்போ நோஞ்சான். கால் மணி நேரம் கிளறியும் பாத்திரம் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஓரத்தில் மெல்லக் குமிழி கிளம்பியது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சுவரில் போன் அடித்தது.

“நடீன் கண்ணு, நான் ஆர்லீன் பேசறேன். நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன். அடுப்புல வேலை இருக்கு, சொல்லு.” ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வயரை இழுத்துக்கொண்டு, அடுப்புக்கு வந்து கிளறினாள். ஒரு நிமிஷம் கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல, தாளைப் பாத்தேன். உனக்கு எதுக்கு இந்த வருஷம் சிரமம்னுதான் நான் அப்படி எழுதினேன். நீ தப்பா எடுத்துக்கிட்டியோன்னு...”

“தப்பா எழுதியிருந்தே. சரியா எடுத்துக்கிட்டேன்.”

“அய்யோ, அப்படி இல்லடா. எல்லாரும் உன்னை நினைச்சுத்தான் பேசினோம். வந்து நின்னா உனக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம். மேற்குத் தெருச் சபையில ரொம்ப அன்பான ஜனங்களாம். அங்க இனிப்பு செய்ய ஆளே இல்லையாம்.”

“யாரெல்லாம் பேசினீங்க?”

“எல்லாரும்தான்.”

“ஓபல் பேசினாங்களா?”

ஓபல் வெர்லினின் தாய். ஆர்லீன் இருமினாள். “ஓபல் ஒண்ணும் சொல்லல. சொல்லாமலே எங்களுக்குத் தெரியாதா?”

“ஆர்லீன், உன் வீட்டுல ஓவன் இருக்கு, வாயும் இருக்கு. ரெண்டையும் மூடி வச்சாத்தான் உள்ள இருக்கிறது நல்லா வேகும்.” போனை வைத்துவிட்டாள்.

நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. கோபத்தோடேயே பாத்திரத்தை இறக்கி, வேர்க்கடலை வெண்ணெயையும் ஓட்ஸையும் கொட்டிக் கிண்டி, மெழுகுத்தாளில் உருண்டை உருண்டையாக வைத்தாள். நாற்பத்தெட்டு. நடுவில் கட்டைவிரலால் குழி அழுத்தினாள். குழி நிற்கவில்லை. அழுத்தின இடம் மறுபடி கூடிக்கொண்டது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். உருண்டைகள் ஒன்றோடொன்று கைகோத்து மேசை முழுக்கச் சேறாகப் பரவிக் கிடந்தன. ஒரு மணி நேரம் ஆனது. அப்போதும் சேறுதான்.

கதவைத் தட்டாமல் மார்வா உள்ளே வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினைந்து வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவள், சபைப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவள். மேசையைப் பார்த்தாள். விரலால் தொட்டு நக்கினாள்.

“என்னடி இது, மாடு போட்டுட்டுப் போச்சா?”

“சிரிச்சே, கொன்னுடுவேன்.”

“எப்பலேர்ந்து நிமிஷம் எண்ணின?”

“குமிழி வந்ததும்.”

“எங்க வந்ததும்?”

“ஓரத்துல.”

“ஓரத்துல வந்தா எண்ணுவாளா ஒருத்தி? நடுவுல வரணும்டி! கரண்டி விட்டுக் கிளறினாலும் அடங்காம பொங்கணும். அதுக்கப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு. அதுவும் மழைநாள்ல இன்னும் கால் நிமிஷம் கூட விடணும். இது தெரியாதா உனக்கு?”

தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு சபைப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். போனில் ஆர்லீனிடம் தான் கொதித்த கொதிப்பில் பாத்திரமும் கொதித்துவிட்டது என்று நம்பிவிட்டாள், அவ்வளவுதான். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“கிண்ணத்துல வழிச்சுப் போட்டு ஸ்பூனோட கொண்டு போ. பாயசம்னு சொல்லு” என்றாள் மார்வா.

“நான் கூடுன்னு எழுதியிருக்கேன்.”

“அப்ப போகாம இரு. நாளைக்கு எங்க வீட்டுல முட்டைப் பொரியல் தின்னுட்டு டிவி பாக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு நீ எதுக்குடி இப்படி மல்லுக்கு நிக்கிற? அவங்களே வேண்டாங்கிறாங்க. போய்த் தொலைங்கடான்னு விடேன்.”

“நாளைக்கு நான் வெறுங்கையோட போனாலும் ஒண்ணுதான், போகாட்டியும் ஒண்ணுதான். அப்புறம் ஆயுசுக்கும் உள்ள நுழைய முடியாது. பாவம் நடீன்னு ஆயிடுவேன்.” எழுந்து நின்றாள். “புருஷன் போனான், போகட்டும். அவன் ஒருத்தன். அங்க நாப்பது அம்பது பேர் இருக்காங்க. பாதிப் பேர் பிள்ளை பெத்தப்ப நான் போய்ச் சோறு வச்சுக் குடுத்திருக்கேன். வெண்டல் சம்சாரத்துக்குக் கடைசியா தலை வாரிவிட்டவ நான். அத்தனை பேரையும் ஷெரிக்கு எழுதிக் குடுத்துட்டு வர நான் என்ன கேனச்சியா? உன்கிட்ட சர்க்கரை இருக்கா?”

மார்வா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இருக்கு. கோகோவும் இருக்கு. கோபத்தையும் சேத்துப் பாத்திரத்துல போடாதே, கசக்கும்.”

இரண்டாவது பாத்திரம் ஏறியது. இந்த முறை நடீன் போனைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே தொங்கவிட்டாள். ஓரத்தில் குமிழி வந்தது. விட்டாள். நடுவில் ஒன்றிரண்டு வந்தது. கிளறினாள், அடங்கியது. மறுபடி வந்தது, கிளறினாள், அடங்கியது. மார்வா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பாத்திரம் முழுக்கக் கறுப்பாகப் பொங்கி எழுந்தது. நடீன் கரண்டியை விட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிளறினாள். அடங்கவில்லை. “ஒண்ணு!” என்று கத்தினாள். “ரெண்டு!” என்று மார்வாவும் சேர்ந்து கத்தினாள். இரண்டு பொம்பளைகளும் பிள்ளைகள் மாதிரி எழுபத்தைந்து வரைக்கும் கத்தித் தீர்த்தார்கள்.

இறக்கிக் கிண்டினபோதே கை சொல்லிவிட்டது, இது நிற்கும் என்று. உருண்டை வைத்து நாலைந்து நிமிஷத்தில் மினுமினுப்பு மறைந்தது. கட்டைவிரல் அழுத்தின குழி அழுத்தினபடியே நின்றது. குழியில் பச்சைப் புல், புல் மேல் மூன்று மிட்டாய் முட்டை. நாற்பத்தெட்டுக் கூடு செய்து வழித்ததில் ஒன்று அதிகமாக வந்தது. அதை மார்வாவின் வாயில் அடைத்தாள். கறுப்பு மிட்டாய் அகப்பட்டிருக்கும் போல, மார்வா முகத்தைச் சுளித்தாள்.

“தூ! எவன்டி இதைத் திம்பான்?”

“ஒருத்தன் திம்பான்” என்று சொல்லிவிட்டு நடீன் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அதிகாலை ஆராதனை முடிந்து எல்லாரும் படி இறங்கினபோது மண்டபத்தில் காபி மணம் தூக்கியது. நடீன் வாசலிலேயே ஆர்லீனிடம் தன் பெரிய தட்டைக் கொடுத்திருந்தாள். இறங்கிப் பார்த்தால் இனிப்பு மேசையில் அதைக் காணோம். தேடினாள். மண்டபத்துக் கோடியில், ஐஸ் வாளிக்கும் காகிதத் தட்டுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வெண்டல், குளிருகிற கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்.

“பிள்ளைகளுக்குக் கை எட்டட்டும்னுதான் அங்க வச்சேன்” என்று ஆர்லீன் ஓடி வந்தாள். “இது சுட்ட பலகாரம் இல்லையே நடீன். அங்க எல்லாம் ஓவன்ல...”

“இனிப்புன்னு எழுதினேன். இனிப்பு மேசை அது.” நடீன் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து, மேசை நடுவில் ஷெரியின் ஆட்டுக்குட்டிக் கேக்கை ஒரு சாண் நகர்த்திவிட்டு, இறக்கி வைத்தாள். வெள்ளைக் கிரீம் பூசி, தேங்காய்த் துருவலில் ரோமம் வைத்த ஆட்டுக்குட்டி. இடது பக்கம் மட்டும் கிரீம் இரண்டு மடங்கு அப்பியிருந்தது. கருகலை மறைக்கத்தான். நடீன் வீட்டிலிருந்து போன அந்த ஓவனில் இடது பக்கம் சூடு அதிகம், பாதி வேக்காட்டில் திருப்பி வைக்க வேண்டும். வெர்லினுக்கு அது எப்படித் தெரியும், தின்னத் தெரிந்தவன்தானே. அந்தப் பெண்ணிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

வரிசை நகர்ந்தது. இந்த மண்டபத்தில் வரிசைக்கு எப்போதும் ஓபல் ரைனர்தான் தலை. எழுபத்தாறு வயது, நிமிர்ந்த முதுகு, ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாத பொம்பளை. அவள் முட்டை எடுத்தாள், கறி எடுத்தாள், ஆட்டுக்குட்டியின் வாலில் ஒரு துண்டு எடுத்தாள். கூடுகளுக்கு முன்னால் அரை நொடி நின்றாள், பிறகு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் அதைப் பார்த்தாள். அவளும் நகர்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக, கூடுகளுக்கு நேரே வந்ததும் பக்கத்திலிருப்பவரிடம் மழையைப் பற்றி அவசரமாகப் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். கை நீட்டின ஒரு குழந்தையைத் தாய்க்காரி இழுத்துக்கொண்டு போனாள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாரும் உட்கார்ந்தபோது நாற்பத்தெட்டும் அப்படியே இருந்தன.

இந்த ஊரில் ஒருத்தியை வெளியே அனுப்பக் கையைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. அவள் கொண்டு வந்த தட்டை நிறைந்தபடியே திருப்பி எடுத்துப் போக விட்டால் போதும். அடுத்த ஞாயிறு அவளே வர மாட்டாள். நடீனுக்கு அது தெரியாதா? வேறு ஒருத்திக்கு இதே மண்டபத்தில் இது நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவளும் மழையைப் பற்றித்தான் பேசினாள். அந்த ஞாபகம் இப்போது சுருக்கென்று குத்தியது.

தட்டைக் கையில் எடுத்தாள். எல்லாரும் அவள் கதவுப் பக்கம் போவாள் என்று பார்த்தார்கள். அவள் முதல் மேசைக்குப் போனாள்.

“ஹேப்பி ஈஸ்டர், வெண்டல். எடுத்துக்கோங்க.”

வெண்டல் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. இரண்டு எடுத்துக்கொண்டார். “இதுல கறுப்பு மிட்டாய் இருக்கே” என்றார்.

“இருக்கும். எல்லாருக்கும்தான்.”

அவள் ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையால் ஒரு கூட்டை எடுத்து அவர்கள் தட்டிலேயே வைத்தாள். மேசையில் இருப்பதைத் தாண்டிப் போவது சுலபம். முகத்துக்கு நேரே நின்று பெயர் சொல்லுகிறவளிடம் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழ வேண்டுமே. வைத்ததை ஒருவரும் தள்ளவில்லை. ஆனால் ஒருவரும் கடிக்கவும் இல்லை. எல்லாருடைய கண்ணும் ஓபலின் மேசையில் இருந்தது.

அந்த மேசையில் ஓபல், வெர்லின், ஷெரி. நடீன் நேரே அங்கே போய் நின்றாள்.

“நடீன், இங்க வேண்டாம்” என்றான் வெர்லின், தலையைத் தூக்காமல். “எதுக்கு உன்னையும் கஷ்டப்படுத்திக்கிட்டு எங்களையும்... எத்தனையோ சபை இருக்கு.”

“நீ பேசாதே.” தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அடுப்பைக் கேட்டே, குடுத்தேன். காரைக் கேட்டே, குடுத்தேன். நான் வளர்த்த நாயைக் கேட்டே, அழுதுகிட்டே குடுத்தேன். இப்ப இவங்க அத்தனை பேரையும் கேக்குற. குடுக்க மாட்டேன் வெர்லின். இவங்க உனக்குச் சொந்தக்காரங்க, சரி. எனக்கு வேற யாரும் இல்ல.”

யாரோ தும்மலை அடக்கினார்கள். நடீன் ஒரு கூட்டை எடுத்து ஓபலின் தட்டில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அம்மா என்று கூப்பிட்டவளை இப்போது என்னவென்று கூப்பிடுவது?

“ஹேப்பி ஈஸ்டர், ஓபல். சாப்பிடுங்க.”

“வயிறு நிறைஞ்சுடுச்சு.”

“இருக்கட்டும். நான் நிக்கிறேன்.”

நின்றாள். தட்டின் கனத்தில் மணிக்கட்டு வலித்தது. மேலே மணி அடிக்க ஆரம்பித்தது, பத்து மணி ஆராதனைக்கு. நாற்காலிகள் லேசாக நகர்ந்தன, ஆனால் ஓபல் எழுந்திருக்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. ஓபல் எழுந்திருக்க வேண்டுமானால் நடீன் வழிவிட வேண்டும்.

“ஆராதனைக்கு நேரமாச்சு” என்றாள் ஓபல்.

“ஆகட்டும். ஆண்டவர் கல்லறையில மூணு நாள் பொறுத்தாரு. உங்களுக்காக அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டாரா?”

பின்னால் வெண்டல் பெரிதாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். போதகர் படியருகே நின்றவர், மேலே போவதா வேண்டாமா என்று தெரியாமல் வேதப்புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். ஓபல் நடீனின் முகத்தைப் பார்த்தாள். நடீன் கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரமென்று யாருக்குத் தெரியும், மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

ஓபல் கூட்டை எடுத்தாள். ஒரு கடி கடித்தாள். நிதானமாக மென்றாள், அவள் எதையும் அவசரமாகச் செய்கிறவள் இல்லை. இன்னொரு கடி கடித்தாள்.

“நல்லாக் கொதிக்கவிட்டிருக்கே” என்றாள்.

அவ்வளவுதான், மண்டபம் முழுக்க வாய்கள் அசைய ஆரம்பித்தன. கறுப்பு மிட்டாய் அகப்பட்டவர்கள் அங்கங்கே முனகினார்கள். ஆர்லீன்கூடக் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள். நடீன் ஷெரியின் தட்டிலும் ஒன்று வைத்தாள். அந்தப் பெண் தலை குனிந்தபடியே “தேங்க்ஸ்” என்றாள். வெர்லினுக்கு வைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஓபல் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நடீன் இப்போது வழிவிட்டாள். கிழவி இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தாள்.

“அடுத்த வருஷமும் இதையேதான் கொண்டு வருவியா?”

“அடுத்த வருஷமும் வருவேன்” என்றாள் நடீன். “என்ன கொண்டு வரணுங்கிறது என் இஷ்டம்.”

ஓபல் படியருகே போனாள். ஏறும்போது கைப்பிடிச் சுவர் இருந்த பக்கத்தை விட்டு, நடீன் நின்ற பக்கமாகத் தன் கையை நீட்டினாள். நடீன் காலித் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.